கல்லுக்கேற்ற தூண்: இக்காலக் கொரியக் கட்டடக்கலையில் பசுங்கூரையும் இயற்கைநெறியும்

முன்னுரை

தென்கொரியத் தலைநகராகிய சியோலின் நடுவே நாம்சான் என்னும் குன்று உள்ளது. அதன் உச்சியில் நின்று நகரை நோக்குவோர்க்குப் பழைய குடியிருப்புப் பகுதிகளின் கூரைகள் பச்சைப் பசேலெனத் தோன்றும். அண்மையிற் சென்று பார்த்தால் அது புல்லுமன்று, செடியுமன்று. மழைநீர் கசியாதிருக்கத் தட்டைக் கூரையின்மீது பூசப்பெற்ற பச்சை நிற யூரித்தேன் பூச்சு என்பது புலனாகும். அதே நகரில் மண் பரப்பிப் புல்லும் செடியும் வளர்க்கப்பெற்ற உண்மையான பசுங்கூரைகளும் உள்ளன. தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு இரண்டும் ஒரே நிறமாகத் தெரியும். ஆயினும் ஒன்று மழையை விலக்குகிறது; மற்றொன்று மழையை ஏற்கிறது.

இவ்வேறுபாட்டைப் பற்றிக்கொண்டு, இக்காலக் கொரியக் கட்டடக்கலையில் இயற்கை பெற்றுள்ள இடத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டடம் ஒன்று எழும்போது ஒரு துண்டு நிலம் மூடப்படுகிறது. அந்நிலம் அதுவரை மழையைக் குடித்தது, புல்லைத் தாங்கியது, வழிப்போக்கர்க்கு வழியாகவும் இருந்தது. ஆகவே, ‘இயற்கையோடு இயைந்தது’ எனப் பெயர் பெறும் எந்தக் கட்டடத்தையும் மூன்று வினாக்களால் அளந்து பார்க்கலாம். எடுத்துக்கொண்ட மண்ணை அது மீளத் தந்ததா? தன்மீது விழும் நீரை அது என் செய்கிறது? அதனருகே வாழ்ந்த மக்களுக்கு அதில் என்ன இடம் தந்தது? மண், நீர், மக்கள் என்னும் இம்மூன்றுமே நம் அளவுகோல்.

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வகுத்து, மக்கள் வாழ்வை அவற்றின்மேல் வைத்து எண்ணிய தொல்காப்பியரைப் பயிலும் தமிழ் மாணவர்க்கு இத்தகைய சிந்தனை புதியதன்று. எனினும் ஈண்டுக் கூறப்படுவன கொரிய நிலத்துக்கே உரியன. ஆதலின் அந்நிலத்திலிருந்தே தொடங்குவோம்.

மரபு வீடு காட்டும் நெறி

தென்கொரியாவின் பரப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மலையும் காடுமாகும். குளிர்காலத்தில் வடதிசையிலிருந்து உறைபனிக் காற்று வீசும். கோடையில் பருவமழை கொட்டும். இவ்விரண்டுக்கும் ஈடுகொடுக்கும் வகையில் மனை தேர்ந்த முன்னோர், ‘பேசான் இம்சு’ என்னும் நெறியைக் கைக்கொண்டனர். பின்புறம் மலை, முன்புறம் நீர் என்பது அதன் பொருள். பின்னின்ற மலை வாடைக்காற்றைத் தடுக்கும். முன்னோடும் நீர் வயலுக்குப் பாயும். தெற்கு நோக்கிய வாயில் வெயிலை வரவேற்கும். இன்றைய சியோலின் பழைய வடிவமாகிய ஹன்யாங் நகரமும் இம்முறையிலேயே அமைந்தது. வடக்கே புகாக்சான் மலை, தெற்கே நாம்சான், இடையே சோங்கியேசோன் ஓடை என்பன அந்நகரின் எல்லையையும் உயிரையும் வகுத்தன.

ஹனோக் எனப்படும் மரபு வீட்டில் மூன்று உறுப்புகள் சிறப்பாக நோக்கத்தக்கன. முதலாவது ‘ஒன்தோல்’. அடுப்பின் வெம்புகை தரையடிக் குழாய்வழிகளில் சென்று, மேலே பரப்பிய கற்பலகைகளைச் சூடாக்கும். குளிர்நாளில் தரையே கணப்பாகிவிடும். இரண்டாவது ‘மாரு’ எனப்படும் பலகைத் தளம். கோடையில் காற்று தடையின்றிப் போய்வருவதற்கென அது திறந்து கிடக்கும். மூன்றாவது ‘மதாங்’ என்னும் முற்றம். முன்முற்றத்தில் மரம் நடாமல் வெறும் மணற்பரப்பாகவே விட்டுவைப்பது வழக்கம். அதற்குக் காரணமுண்டு. நண்பகலில் வெறும் முற்றம் சூடேறி அங்குள்ள காற்று மேலெழும். வீட்டின் பின்புறத்து மரநிழலிற் குளிர்ந்த காற்று அவ்விடத்தை நிரப்ப மாருவின் ஊடே முன்னோக்கி வரும். செடியில்லாத முற்றமும் இங்கு இயற்கையோடு இயைந்த அமைப்பேயாகும். பசுமை நிறம் வேறு, இயற்கைநெறி வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அரண்மனைகளும் இந்நெறிக்குப் புறம்பானவை அல்ல. 1395-இல் எழுந்த கியோங்போக்குங் அரண்மனை நேர்க்கோட்டில், இருபுறமும் ஒத்த அமைப்பில் கட்டப்பெற்றது. அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின் 1405-இல் எழுந்த சாங்தோக்குங் அரண்மனையோ மலைச்சரிவு வளைந்த வழியே தானும் வளைந்து அமைந்தது. 1997-இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இவ்வரண்மனை இடம்பெற்றதற்கு நிலத்தோடு ஒத்த இவ்வமைப்பு முதன்மையான காரணமாயிற்று.

இவை எல்லாவற்றினும் மேலாக இக்கட்டுரைக்கு வழிகாட்டுவது ஒரு தச்சுத்தொழில் நுட்பமாகும். கொரியத் தச்சர் தூண் நிறுத்தும்போது அடிக்கல்லைச் செதுக்கித் தட்டையாக்குவதில்லை. மேடுபள்ளமான இயற்கைக் கல்லையே அடியில் இடுவது பெருவழக்கு. தூணைக் கல்லின்மீது நிறுத்திக் கவராயம் போன்ற ஒரு கருவியால் அளப்பர். கருவியின் ஒரு கால் கல்லின் மேடுபள்ளத்தைத் தொட்டு ஊரும். மற்றொரு கால் அதே வரியைத் தூணின் அடியில் வரையும். பின்னர் அவ்வரியின்படி மரத்தைச் செதுக்கி நிறுத்தினால் தூண் கல்லோடு பொருந்தி அசையாது நிற்கும். இதற்குக் ‘கிரெங்கி’ என்பது பெயர். கியோங்ஜு நகரில் எட்டாம் நூற்றாண்டில் எழுந்த புல்குக்சா கோயிலின் கல்தளத்திலும் இந்நுட்பத்தைக் காணலாம். அங்குச் செதுக்கிய கல்லே செதுக்காத கல்லுக்கு இணங்கி நிற்கிறது. முன்பே இருந்தது நிலைக்க, பின்னே வந்தது வளைந்துகொடுக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. இக்காலக் கட்டடங்களிலும் இக்கருத்து உள்ளதா என்பதைக் காண்போம்.

மூடிய நகரமும் திறந்த ஓடையும்

1950 முதல் 1953 வரை நிகழ்ந்த கொரியப் போரின் முடிவில் மலைகள் பெரிதும் மொட்டையாகக் கிடந்தன. 1973-இல் தொடங்கிய பத்தாண்டுக் காடு வளர்ப்புத் திட்டம் அவற்றை மீண்டும் பசுமையாக்கியது. ஆனால் மலைகள் பசுமை பெற்ற அதே காலத்தில் சமவெளி நகரங்கள் கான்கிரீட்டால் மூடப்பட்டன. இன்று நாட்டு மக்களிற் பாதிப்பேர் சியோலிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் வாழ்கின்றனர். ஹன்யாங்கின் உயிரோட்டமாயிருந்த சோங்கியேசோன் ஓடை சாலைக்கு அடியில் மறைந்தது. அதன்மேல் ஒரு மேம்பாலச் சாலையும் எழுந்தது.

2003-இல் அம்மேம்பாலத்தை இடித்து ஓடையைத் திறக்கும் பணி தொடங்கிற்று. 2005 அக்டோபர் முதல் நாளன்று ஏறத்தாழ 5.8 கிலோமீட்டர் நீள ஓடை மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கோடை நாளில் ஓடையருகே உள்ள வெப்பம், சில தெருக்களுக்கு அப்பாலுள்ள இணைசாலையைவிட 3.3 முதல் 5.9 பாகை செல்சியஸ் வரை குறைந்திருந்ததாக அளந்து கூறினர். இது பெரும்பேறே. எனினும் இரண்டு செய்திகளை மறைத்தல் ஆகாது. ஓடையில் இயற்கையாக நீர் ஊறுவது போதாமையால், பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இறைத்தே விடப்படுகிறது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,20,000 டன் நீர் ஓடவேண்டும் எனத் திட்டமிடப்பட்டது. அன்றியும், மேம்பாலத்தின் கீழும் அருகும் கடை விரித்துப் பிழைத்த நூற்றுக்கணக்கான சிறு வணிகர் இடம் பெயர நேர்ந்தது. அவர்களைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

பசுங்கூரையின் உறுப்புகள்

கட்டடங்களை நோக்குமுன் பசுங்கூரை எவ்வாறு அமைகிறது என்பதை அறிதல் நலம். கான்கிரீட் தளத்தின்மேல் முதலில் நீர்க்காப்புப் படலம் இடப்படும். அதன்மேல் வேர் துளைக்காத தடுப்பு; அதன்மேல் மிகுநீரை வெளியேற்றும் வடிகால் அடுக்கு; அதன்மேல் மண் கரைந்து போகாதிருக்க வடிதுணி; அதற்கும் மேலே எடை குறைந்த வளர்மண்; இறுதியில் செடிகள். சாதாரண மண் நனைந்தால் பேரெடையாகும். ஆதலின் பெர்லைட் போன்ற இலேசான பொருள்களைக் கலந்து வளர்மண் ஆக்குவர்.

இவை இருவகைப்படும். மண்ணின் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவாக உள்ளவை மென்கூரைகள். இவை எடை குறைந்தவை. பராமரிப்பும் மிகுதியாக வேண்டா. ஆழம் கூடியவை தோட்டக்கூரைகள். இவற்றில் புதரும் மரமும் வளரும். ஆயினும் கட்டடத்தின் தூணும் உத்தரமும் தொடக்கத்திலேயே அதற்கேற்ற வலிமையோடு அமைய வேண்டும்.

சியோலின் தட்பவெப்பம் செடிகளுக்குக் கடுமையானது. ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கும் மேல் சூன் முதல் ஆகஸ்டு வரை பெய்துவிடும். சனவரியில் நீர் உறையும். வெள்ளம், வறட்சி, உறைபனி ஆகிய மூன்றையும் தாங்கும் செடிகளே கூரையில் நிலைக்கும். அதனால் சீடம் என்னும் சதைப்பற்றுள்ள சிறுசெடி வகைகளைப் பெரிதும் நடுகின்றனர். அவற்றுள் ஒன்று ‘தொல்நாமுல்’. கொரியர் இளவேனிலில் பறித்துப் பச்சையாகவே காரச்சுவை சேர்த்து உண்ணும் கீரை அது. பாறையிடுக்கில் தானே முளைப்பது கூரையிலும் முளைக்கிறது.

இக்கூரைகளால் விளையும் பயன்கள் பல. மண் நீரை உறிஞ்சிக்கொள்வதால் மழைநீர் ஒரேயடியாகச் சாக்கடைக்குப் பாய்வதில்லை. இலைகள் நீரை ஆவியாக்குவதால் கூரையின் வெம்மை தணிகிறது. கீழுள்ள அறைகளில் குளிர்சாதனத்தின் வேலை குறைகிறது. வெயில் நேரே படாமையால் நீர்க்காப்புப் படலமும் நெடுநாள் உழைக்கிறது. தேனீக்கும் பறவைக்கும் இடம் கிடைக்கிறது. ஆனால் எல்லையும் உண்டு. ஒரு சாண் மண் ஓர் அளவு நீரைத்தான் கொள்ளும். அது நிறைந்தபின் பெய்யும் மழை வழிந்தே தீரும்.

பள்ளத்தாக்கான பல்கலைக்கழகம்

1886-இல் ஒரு சிறு பெண்கள் பள்ளியாகத் தோன்றிப் பின்னர்ப் பெரும் பல்கலைக்கழகமாக வளர்ந்தது சியோலின் ஈஹ்வா மகளிர் பல்கலைக்கழகம். அதன் வாயிலருகே புதிய கட்டடம் ஒன்று வேண்டி நடத்திய போட்டியில் 2004-இல் பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் தொமினிக் பெரோ வென்றார். அவர் கட்டடத்தை நிலத்தின்மேல் எழுப்பவில்லை. நிலத்தைப் பிளந்து, நடுவே ஏறத்தாழ 250 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமுமுள்ள சாய்வழி ஒன்றை இறக்கினார். அதன் இருமருங்கிலும் கண்ணாடிச் சுவர்களுக்குப் பின்னே ஆறு நிலைகளில் வகுப்பறைகள், நூலகம், திரையரங்கு, கடைகள் ஆகியவற்றை அமைத்தார். அவற்றின்மேல் மண் பரப்பித் தோட்டம் ஆக்கினார். 2008-இல் பணி நிறைவுற்றது. சாய்வழியின் மறுமுனையில் அகன்ற படிக்கட்டு ஒன்று மேலேறுகிறது. மாணவியர் அமர்ந்து உரையாடவும் நிகழ்ச்சி காணவும் அப்படிகளே அரங்காகின்றன.

நம் மூன்று வினாக்களை இங்கு வைத்துப் பார்க்கலாம். கட்டடம் எடுத்துக்கொண்ட தரைப்பரப்பு, தோட்டமாகத் தலைமேல் திரும்பக் கிடைத்தது. பக்கங்களிலும் மேலும் மண் சூழ்ந்திருப்பதால் குளிரும் வெப்பமும் உள்ளே எளிதிற் புகுவதில்லை. அத்தோட்டத்தின்மீது மாணவியர் நடக்கின்றனர். வகுப்பு முடிந்து வெளிவருவோர்க்கு அதுவே வழி. பழைய கட்டடங்களும் சூழ்ந்த மேடும் மறைக்கப்படாமல் நிற்கின்றன. முன்பிருந்ததற்குப் பின்வந்தது இணங்கியது. கிரெங்கி நெறி கான்கிரீட்டிலும் கைகூடும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு எனலாம்.

பக்தாதில் பிறந்தவரின் படைப்பு

சியோலின் கிழக்கு வாயிலருகே நிற்கும் தோங்தேமுன் வடிவமைப்பு வளாகம் 2014 மார்ச்சு 21-இல் திறக்கப்பட்டது. இதனை வடிவமைத்தவர் ஸஹா ஹதீத். 1950-இல் பக்தாதில் பிறந்து, பெய்ரூத்தில் கணிதமும் இலண்டனில் கட்டடக்கலையும் பயின்றவர். கட்டடக்கலையின் மிக உயர்ந்த விருதாகக் கருதப்படும் பிரிட்ஸ்கர் விருதை 2004-இல் பெற்ற முதற்பெண்மணி இவரே. 2016-இல் மறைந்தார்.

இவ்வளாகத்தில் நேர்க்கோடு காண்பது அரிது. 45,133 அலுமினியத் தகடுகள் ஒன்றுக்கொன்று வேறான வளைவுகளோடு இணைந்து, நீரோட்டம் உறைந்து நின்றாற்போல் தோற்றம் தருகின்றன. கூரையின் சில பகுதிகள் புல்லும் சிறுசெடியும் மூடிய சரிவுகளாய்ப் பக்கத்துப் பூங்காவோடு கலக்கின்றன. கட்டடம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாதவாறு செய்வதே வடிவமைப்பாளர் எண்ணம்.

இவ்விடத்தில் 1925-இல் எழுந்த விளையாட்டரங்கு ஒன்று இருந்தது. அது இடிக்கப்பட்டபோது மண்ணுக்கடியிலிருந்து பழைய நகர மதிலின் எச்சங்களும், மதிலின் ஊடே ஓடைநீரை வெளிவிட்ட ஈகான்சுமுன் என்னும் இரட்டை வளைவு நீர்வாயிலும் வெளிப்பட்டன. அவற்றை அழிக்காமல் பூங்காவின் பகுதியாக்கிக் காட்சிக்கு வைத்தனர். மண்ணுக்கடியில் இருந்த வரலாற்றுக்குக் கட்டடம் இவ்வாறு வழிவிட்டது.

ஆனால் மண்ணின்மேல் இருந்தவர் நிலை வேறாயிற்று. சோங்கியேசோன் ஓடைப் பணியால் இடம் பெயர்ந்த சிறு வணிகர் பலர் இவ்விளையாட்டரங்கின் திடலில்தான் பழம்பொருட் சந்தை விரித்திருந்தனர். அரங்கு இடிபடவே 2008-இல் அவர்கள் மீண்டும் சின்சோல்தோங் பகுதிக்குப் பெயர்ந்தனர். ஐந்தாண்டுக்குள் இரண்டு பசுமைத் திட்டங்களுக்காக ஒரே மக்கள் இருமுறை எழுந்து போயினர். பழைய நீர்வாயிலைக் கண்ட கண் இவர்களையும் கண்டிருக்க வேண்டாவா என்பது எண்ணத்தக்கது.

ஆட்சியின் தலைமேல் ஒரு தோட்டம்

சியோலின் நெருக்கடியைக் குறைப்பதற்காக உருவாக்கப்பட்ட சேஜோங் நகருக்கு 2012 முதல் அரசு அமைச்சகங்கள் பல பெயர்ந்தன. அங்குள்ள அரசு வளாகத்தில் 15 கட்டடங்கள் பாலங்களால் இணைக்கப்பட்டு, ஒரு நெடிய வளைவாகக் கிடக்கின்றன. அவற்றின் கூரைமேல் ஏறத்தாழ 3.6 கிலோமீட்டர் நீளத்துக்குத் தொடர்ந்து செல்லும் தோட்டம் அமைந்துள்ளது. 79,194 சதுர மீட்டர் பரப்புடைய இது, உலகின் மிகப்பெரிய கூரைத்தோட்டம் என 2016-இல் கின்னஸ் பதிவேட்டில் இடம்பெற்றது. கொரிய நிறுவனமாகிய ஹேயானும் அமெரிக்க நிலத்தோற்றக் கலைஞர் டயானா பல்மோரியின் நிறுவனமும் இணைந்து தந்த திட்டம் இது.

இத்திட்டத்தின் உயிர்க்கருத்து தோட்டத்தினும் பெரிது. ஆள்வோர் கீழே பணிபுரிய, குடிமக்கள் அவர்தம் தலைமேல் உலவுவர். கூரை பொதுத்தெருவாகும் என்பதே அது. மண் திரும்பக் கிடைத்தது. நீரும் தங்க இடம் பெற்றது. மூன்றாம் வினாவில்தான் தடை நேர்ந்தது. அரசு அலுவலகப் பாதுகாப்பைக் கருதி அத்தோட்டம் பொதுத்தெருவாகத் திறக்கப்படவில்லை; குறித்த காலங்களில் கட்டுப்பாட்டுடன் பார்வையிடும் வாய்ப்பே மக்களுக்குக் கிட்டியது. செடிகள் உரிய இடத்தைப் பெற்றன. குடிமக்களின் உரிமையோ வேலியருகே நின்றுவிட்டது.

தொட்டியில் நின்ற மரங்களும் தொங்கும் முற்றங்களும்

சியோல் தொடர்வண்டி நிலையத்தின் மேலே 1970-இல் கட்டிய மேம்பாலம் வலுக்குன்றியபோது, அதனை இடியாமல் நடைபாதைத் தோட்டமாக்கினர். 2017 மே 20-இல் திறக்கப்பட்ட இதற்குச் ‘சியோல்லோ 7017’ என்று பெயர். 1970-இல் பிறந்து 2017-இல் மறுபிறப்பு எடுத்தது என்பதை அவ்வெண் குறிக்கும். டச்சு நாட்டு எம்.வி.ஆர்.டி.வி. நிறுவனத்தார் ஏறத்தாழ 24,000 செடிகொடிகளைக் கொரிய நெடுங்கணக்கின் வரிசைப்படி, பெயரகராதி போல நிறுத்தினர். மாணவர் நடந்துகொண்டே செடியின் பெயரைக் கற்கலாம். எவரும் எந்நேரமும் நடக்கலாம் என்பதால் மூன்றாம் வினாவுக்கு இது நல்விடை தருகிறது. எனினும் மரங்கள் வட்டக் கான்கிரீட் தொட்டிகளில் அடைபட்டு நிற்பதால் வேர் பரவ இடமில்லை. கோடையில் நிழல் போதவில்லை என்ற குறையும் எழுந்தது.

2012-இல் திறக்கப்பட்ட சியோல் மாநகர மன்றப் புதிய கட்டடத்தை வடிவமைத்தவர் யூ கோல். பழைய ஹனோக் வீட்டின் இறவாரத்தை நினைவூட்டும் கண்ணாடி அலை அது. அதனுள்ளே 1,516 சதுர மீட்டர் அளவுக்குச் சுவர் முழுதும் செடிகள் வளர்க்கப்பட்டுள்ளன. அறைக்குள் வருவோர்க்கு அது குளிர்ச்சியே. ஆயினும் வானத்து மழை ஒரு துளியும் அச்செடிகளை எட்டுவதில்லை. குழாய்நீரில் வாழும் பசுமை அது.

இவற்றினின்றும் வேறுபட்டது, ஆங்கிலேயக் கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்டு வடிவமைத்து 2017-இல் முடித்த அமோர்பசிபிக் நிறுவனத் தலைமையகம். கொரியரின் வெண்ணிற ‘நிலாச் சாடி’யை மனத்திற்கொண்டு எளிய கனசதுரமாக அதனை அமைத்த அவர், 5, 11, 17 ஆகிய தளங்களில் பெருந்திறப்புகளை விட்டு, அங்கே மரங்களோடு கூடிய முற்றங்களை வைத்தார். பழைய மதாங் முற்றம் மாடி ஏறிற்று எனலாம். செடிக்காக அன்றிக் காற்றுக்கும் ஒளிக்கும் இடம்விட்டதில் மரபின் பொருளை அவர் உணர்ந்தமை தெரிகிறது.

ஜெஜூத் தீவின் தாழ்ந்த கூரைகள்

தென்கடலில் உள்ள ஜெஜூத் தீவு எரிமலையால் எழுந்தது. ‘ஓரும்’ எனப்படும் சிறு எரிமலைக் குன்றுகள் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை அங்கு உள்ளன. கடுங்காற்று ஓயாத அத்தீவில் மக்கள் கருங்கல்லைச் சாந்தின்றி அடுக்கிச் சுவர் எழுப்புவர். இடைவெளிகளில் காற்று புகுந்து போவதால் சுவர் சாய்வதில்லை. வைக்கோற்கூரை பறக்காதிருக்கக் கயிற்று வலை பின்னிக் கட்டுவர்.

டோக்கியோவில் கொரியப் பெற்றோர்க்கு 1937-இல் பிறந்து, 2011-இல் மறையும்வரை கொரியக் குடியுரிமையை விடாதிருந்த இதாமி ஜுன் என்னும் யூ தோங்ரியோங், 2001-இல் இத்தீவில் போதோ விடுதியைக் கட்டினார். அதன் கூரைகள் ஓரும் குன்றுகளையும் தீவின் கூரைவீடுகளையும் ஒத்துத் தாழ்ந்து வளைந்தவை. மேலிருந்து பார்த்தால் திராட்சைக் கொத்துப் போன்றிருப்பதால், திராட்சையைக் குறிக்கும் ‘போதோ’ என்னும் பெயர் பெற்றது. அக்கூரைகள் தழையால் பசுமை பெற்றவை அல்ல. எனினும் குன்றினும் உயராமல், காற்றை எதிர்க்காமல் தாழ்ந்து நிற்கும் அடக்கத்தால் நிலத்துக்கு உரியனவாகின்றன.

ஒரே நகரின் இரண்டு நிலவறைகள்

இதுகாறும் கண்டவை புகழ்பெற்ற கட்டடங்கள். இனி, புகழ்பெறாத கட்டடத்துக்கு வருவோம். ‘பஞ்ஜிஹா’ எனப்படும் அரை நிலவறை வீடுகள் சியோலில் மிகுதி. 1970-இல் போர் அச்சத்தால், புதிய வீடுகளில் நிலவறை அமைக்கவேண்டும் எனச் சட்டம் வந்தது. பின்னர் இடநெருக்கடியால் அந்நிலவறைகள் குடியிருப்புகளாயின. 2020-இல் சியோலில் ஏறத்தாழ இரண்டு இலட்சம் குடும்பங்கள் இத்தகைய வீடுகளில் வாழ்ந்தன. ‘பாரசைட்’ என்னும் 2019-ஆம் ஆண்டுத் திரைப்படத்தால் உலகு அறிந்த வீடு இதுவே.

2022 ஆகஸ்டு 8-ஆம் நாளிரவு சியோலின் தோங்ஜாக் பகுதியில் ஒரு மணிநேரத்தில் 141.5 மில்லிமீட்டர் மழை கொட்டியது. அடுத்துள்ள குவானாக் பகுதியில் அரை நிலவறை வீடு ஒன்றில் நீர் புகுந்து, வெளியேற இயலாமல் ஒரு சிறுமி உட்பட மூவர் மாண்டனர். அதன்பின் இத்தகைய வீடுகளைப் படிப்படியாக ஒழிப்பதாக மாநகர நிர்வாகம் அறிவித்தது.

இந்நிகழ்ச்சியை ஈண்டுக் கூறுவதற்குக் காரணமுண்டு. ஈஹ்வாவில் நிலத்துக்கு அடியிற் செல்வது ஒளியும் தோட்டமும் பெறுவதாகும். பஞ்ஜிஹாவில் நிலத்துக்கு அடியிற் செல்வது ஒளியும் காற்றும் இழப்பதாகும். இரண்டும் ஒரே நகரின் மண். நாம் முதலிற் கண்ட பச்சைப் பூச்சுக் கூரைகள் பெரும்பாலும் இத்தகைய தாழ்மாடி வீடுகளின் மேலேதான் உள்ளன. அக்கூரைமீது விழும் மழை ஒரு துளியும் தங்காமல் தெருவுக்குப் பாய்கிறது. தெருநீர் தாழ்ந்த சன்னலைத் தேடி இறங்குகிறது. அன்றைய பெருமழையைப் பசுங்கூரை மட்டுமே தடுத்திருக்கும் என்று சொல்வது உண்மையாகாது. வடிகாலும் நீர்த்தேக்கமும் பாதுகாப்பான வீடும் வேண்டும். ஆனால் ஆயிரக்கணக்கான எளிய கூரைகள் முதல் மழையைத் தம்மிடம் நிறுத்திக்கொண்டால் சாக்கடைக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். பழைய வீடுகள் மண்ணின் எடையைத் தாங்குமா என ஆய்ந்து, தாங்குவனவற்றில் மென்கூரை அமைக்கலாம். தனியார் கட்டடங்களின் கூரைகளைப் பசுமையாக்க மாநகர நிர்வாகம் பொருளுதவி அளித்து வந்துள்ளது. அவ்வுதவி முதலில் எட்டவேண்டிய இடம் எது என்பதே வினா.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

1. கொரிய மரபில் இயற்கைநெறி என்பது பசுமை நிறத்தைக் குறிப்பதன்று. வெறும் மணல் முற்றமும் வளைந்த அரண்மனையும் செதுக்காத அடிக்கல்லும் அந்நெறியின் சின்னங்களே.

2. ஈஹ்வா வளாகம் மண், மக்கள் ஆகிய இரண்டுக்கும் நல்விடை தருகிறது. தோங்தேமுன் வளாகம் பழமைக்கு இடம் தந்து, அங்கு வாழ்ந்தவர்க்கு இடம் தரத் தவறியது. சேஜோங் தோட்டம் பரப்பில் உலகில் முதன்மை பெற்றும், தன் உயிர்க்கருத்தை முழுமையாக நிறைவேற்ற இயலாது நின்றது.

3. மழைபடாத செடிச்சுவரும் வேர் பரவாத தொட்டிமரமும் கண்ணுக்கு இனியன. எனினும் நிலம் செய்துவந்த வேலையைச் செய்வன அல்ல.

4. பசுங்கூரையின் பயன் பெருங்கட்டடங்களோடு நின்றுவிடாமல், தாழ்ந்த வீடுகளின் கூரைகளையும் எட்டும்போதே அது நகரைக் காக்கும்.

தச்சன் தூணைச் செதுக்குமுன் கல்லைத் தொட்டு அளக்கிறான். கல்லின் ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் அவன் கருவி ஊர்ந்து அறிகிறது. நகரை அமைப்போரும் அவ்வாறே நிலத்தின் மேடுபள்ளங்களையும், அந்நிலத்தில் வாழும் மக்களின் மேடுபள்ளங்களையும் தொட்டு அறிந்து, அதன் பின்னரே வரைபடத்தில் கை வைத்தல் வேண்டும். நாளை பொறியாளராகவும் அலுவலராகவும் ஆசிரியராகவும் விளங்கப்போகும் மாணவர்கள் பச்சைக்கூரை ஒன்றைக் காணும்போது அதன் அழகோடு நின்றுவிடாமல், மழை பெய்தால் அதன் கீழ்த்தளத்தில் வாழ்பவர் என்ன ஆவார் என்றும் கேட்டல் வேண்டும். அவ்வினாவைக் கேட்கப் பழகுவதே இவ்வாராய்ச்சியின் பயனாகும்.